நான்காவது குற்றச்சாட்டு

அந்த மொட்டை மனுவை எழுதியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தும் பார்த்துவிட்டேன், அது சரிப்படவில்லை.

என் பெயர் சுரேந்தர். ஊர் பல்லடம். கோயமுத்தூரில் சட்டப் படிப்பு, ஐந்தாம் வருஷம். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் நையாண்டி எழுதுகிறவன் என்று கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. "மின்விசிறி சுற்றாத வகுப்புகளில் மாணவர்கள் தாங்களாகவே சுற்றிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது" என்று பிரின்சிபால் அறைச் சுற்றறிக்கை மாதிரியே ஒன்று தட்டச்சு செய்து அனுப்பினேன். இரண்டு பேராசிரியர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்கு வாசகர்கள் உண்டு.

கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்புக்குத் திருப்பூரில் வக்கீல் ஜெயசுதாவிடம் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷமாக கிரிமினல் கேஸ் மட்டும் நடத்துகிறவர். அவர் வீடும் ஆபீஸும் ஒரே கட்டடத்தின் கீழ்த்தளம். மாடியில் வீட்டு ஓனர் கந்தவேல். சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவருடைய வெள்ளைக் காருக்கு உள்ளே இடம் இல்லாததால் மேடத்தின் வாசலை ஒட்டித்தான் எப்போதும் நிற்கும். இந்தக் காரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

மேடம் குறிப்பு எழுதுவது டேக் அட்டையில். பனியனில் சைஸும் விலையும் போட்டுத் தொங்கவிடுகிற அட்டை. அச்சு பிசகிக் கழித்துப் போட்ட டேக்குகளைக் கந்தவேல் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் "மீடியம், நூறு சதவீதம் காட்டன்". மறுபக்கம் மேடத்தின் கையெழுத்தில் கொலை, கொள்ளை, குறுக்கு விசாரணை.

நான் சேர்ந்த வாரம் செல்லாத்தாளின் வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணையில் இருந்தது. செல்லாத்தாள் பொங்கலூர் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவருடைய ஒரே மகள் வினிதா, கல்யாணமாகிப் பதினான்காம் மாசம் புருஷன் வீட்டில் தீயில் கருகி இறந்துபோனாள். தானே கொளுத்திக்கொண்டாள் என்றது புருஷன் வீடு. அதுவும் ஒரு பனியன் கம்பெனி வீடுதான், ஆனால் பெரிய கம்பெனி. பக்கத்து வீட்டு ராமாத்தாள்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர். சாட்சிக் கூண்டில் அவர் "கதவைத் தொறந்தனுங்க" என்றார்.

மேடம் ஒரு டேக்கில் வேகமாக எழுதினார்: "கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததா? கேளுங்கள்."

மேடம் எழுந்து கேட்க முடியாது. செஷன்ஸ் கோர்ட்டில் அரசுத் தரப்பை நடத்துகிறவர் அரசு வக்கீல். பாதிக்கப்பட்டவர் தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொண்டால், அவர் பின்னால் உட்கார்ந்து உதவலாம்; செல்லாத்தாளுக்கு அந்த வக்கீல் மேடம். உதவுவது என்றால் சீட்டுக் கொடுப்பது. அன்றைக்கு அரசு வக்கீலின் மேஜையில் முப்பத்திரண்டு கேஸ் கட்டுகள் இருந்தன. அவர் டேக்கை வாங்கினார், தலையாட்டினார், சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த கட்டை எடுத்தார். ராமாத்தாள் கூண்டைவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார். "பின்னாடி உக்காந்து எத்தன நாளைக்குத் தம்பி சீட்டு எழுதறது? அடுத்த மாசத்தோட அவரு டேர்ம் முடியுது. நான் அப்ளை பண்ணப் போறேன். இந்தக் கேஸை நானே எந்திரிச்சு நடத்தோணும்."

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது நான். அரசு வக்கீல் நியமனம் எனக்கு அத்துப்படி. செமஸ்டரில் ஐந்து மார்க் கேள்வி. புதிய சட்டத்தில் பதினெட்டாம் பிரிவு, பழையதில் இருபத்து நான்கு. குறைந்தது ஏழு வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியோடு கலந்து பேசித் தகுதியானவர்களின் பட்டியல் ஒன்று தயாரிப்பார். மாநில அரசு அதிலிருந்து ஒருவரை நியமிக்கும். பட்டியலில் பெயர் இல்லாதவரை நியமிக்கவே முடியாது. என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பதற்கு அதில் உட்பிரிவு கிடையாது. ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன்.

பட்டியல் தயாராகும் காலம்தான் மொட்டை மனுவுக்கும் சீசன். பெயர் போடாமல், கையெழுத்துப் போடாமல், ஒவ்வொரு வக்கீல் மேலும் நாலைந்து மனுக்கள் பறக்கும். கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அது தீபாவளி மாதிரி. இதைக் கேள்விப்பட்டதும் என் கை அரித்தது. "மாதிரி மொட்டை மனு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி" என்று ஒன்று எழுதிக் கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டேன். மேடத்தின் பெயரைப் போடவில்லை. "பத்தொன்பது வருட அனுபவமுள்ள திருப்பூர் பெண் வக்கீல்" என்று மட்டும் போட்டேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். குற்றச்சாட்டுகள் இப்படிப் போயின:

ஒன்று. இவர் கேஸ் நிற்காது என்றால் நிற்காது என்று கட்சிக்காரரிடமே சொல்லிவிடுகிறார். இதனால் தொழிலின் மாண்பு குலைகிறது.

இரண்டு. இவர் வாய்தா கேட்பதில்லை. வாய்தாவை நம்பிக் கோர்ட் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் குடும்பங்களின் கதி என்ன?

மூன்று. இவர் குற்றம் சாட்டப்பட்டவர்களோடு தினமும் டீ குடிக்கிறார். அவர்கள் இவருடைய கட்சிக்காரர்கள் என்பது ஒரு சாக்கு.

நான்கு. பனியன் கம்பெனி முதலாளி ஒருவரின் வெள்ளைக் கார் இவர் வீட்டு வாசலில் இரவு பகலாகக் கடமை தவறாமல் நிற்கிறது. அது வீட்டு ஓனரின் கார் என்பதை இவர் யாரிடமும் மறைக்காமல் இருப்பதே பலத்த சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.

ஐந்து. இவர் அரசு வக்கீலானால் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்துவிடும் அபாயம் உள்ளது. டெய்லர்கள் உள்ளே போனால் ஷிப்மென்ட் என்னாவது?

"டேய், கார் பாயிண்டு அள்ளுதுடா," என்று என் நண்பன் தரணி பதில் போட்டான். முப்பத்தோரு சிரிப்பு முகங்கள் வந்தன. நான் அதை மேடத்துக்குச் செய்த மரியாதை என்றே நினைத்துக்கொண்டேன். புகழ்ச்சியைத் திருப்பிப் போட்டுத் தைத்திருக்கிறேன், அவ்வளவுதான். யாராவது உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு தெருவில் போவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இருபது நாள் கழித்து, கோர்ட் எதிரே டீக்கடையில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் போண்டா.

"ஏனுங் தம்பி, ஜெயசுதா மேடத்துகிட்டத்தான இருக்கறீங்க?"

"ஆமாங்க."

"நானு ராசப்பன். ஸ்பெஷல் பிராஞ்சு போலீசுங்க. மேடம் பேரு பி.பி., அதானுங்க அரசு வக்கீல் போஸ்டுக்கு வந்திருக்குதில்லீங்களா, சும்மா நாலு பேருகிட்ட விசாரிச்சு எழுதோணும். பயப்படாதீங்க."

மடியிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துப் பிரித்தார். இரண்டே பத்திகள். மேலே மேடத்தின் பெயர் முழுசாக இருந்தது. முதல் பத்தியில் குற்றம் சாட்டப்பட்டவர்களோடு தினமும் டீ. இரண்டாவது பத்தியில் பனியன் கம்பெனி முதலாளியின் வெள்ளைக் கார்; வீட்டு ஓனர் என்ற வார்த்தையைக் காணோம். அது "கடமை தவறாமல் நிற்கிறது".

கார் கடமை தவறாமல் நிற்கிறது என்று உலகத்தில் வேறு எவனும் எழுதமாட்டான். யாரோ என் எழுத்தைக் கட்டிங் டேபிளில் போட்டு, சிரிப்பு வரும் இடங்களையெல்லாம் சுற்றி வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது அசல் மொட்டை மனு. ஒரு தையல் பிசகவில்லை.

"டீ குடிக்கறதெல்லாம் ஒரு குத்தமுங்களா, அத உடுங்க," என்றார் ராசப்பன். "இந்தக் கார்தான் இடிக்குது. செல்லாத்தா கேஸ்ல எதிர்பார்ட்டி பனியன் கம்பெனிக்காரங்க. மேடம் அந்தம்மா பக்கம் இருக்கறமாதிரி இருந்துட்டு, உள்ளுக்குள்ள எதிர்பார்ட்டியோட ஏதாச்சும்... உங்களுக்கு எதும் தெரியுமுங்களா?"

"அது வீட்டு ஓனர் காருங்க." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. எழுதியவன் நான் என்று சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டான். அடுத்த வருஷம் பார் கவுன்சிலில் பதிவு செய்யப் போலீஸ் சான்று வேண்டும். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி வரும். காரைப் பற்றி இவனுக்கு இத்தனை தெரிகிறதே என்று பார்ப்பார். போனை வாங்கிப் பார்த்தால்?

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பழக்கம்.

ராசப்பன் போண்டாவைக் கடித்துக்கொண்டே சின்ன நோட்டில் எழுதினார். எனக்குப் பார்வை நல்ல கூர்மை. "அலுவலகத்தில் உள்ளவர் கருத்துக் கூற முன்வரவில்லை" என்று எழுதியிருந்தார். என் ஐந்து குற்றச்சாட்டுகளையும்விட மோசமான ஒன்றை அவர் ஒரே வரியில் எழுதிவிட்டார். அதை எழுதக் கொடுத்தவனும் நான்தான்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் ஒழுங்காக வேலை பார்த்தேன். சீக்கிரம் போனேன், கட்டுகளை அடுக்கினேன். "என்னப்பா, ரொம்ப நல்லவனாயிட்டே?" என்று மேடம் கேட்டார். கல்லூரிக் குழுவில் அந்தப் பதிவை அழித்தேன். இத்தனை நாள் ஆனதால் அது என் போனில் மட்டும்தான் அழிந்தது, சிரித்தவர்கள் போனிலெல்லாம் அப்படியே இருந்தது. பல்லடம் பஸ்ஸில் போகும்போது வெள்ளைக் கார் எது குறுக்கே வந்தாலும் தலையைக் குனிந்தேன். அந்த ரோட்டில் வெள்ளைக் கார்கள் அதிகம்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மறுப்பு மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மேடத்திடம் சொல்வதைவிட அரசாங்கத்திடம் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. என் பெயர், விலாசம், கல்லூரி, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிய முழு மொட்டை மனு, கார் யாருடையது என்ற விளக்கம், கீழே கையெழுத்து. சம்பந்தப்பட்ட பிரிவில் மகுடேஸ்வரன் என்று ஒருவர் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"எந்த மனுவுக்கு மறுப்புங்க இது?"

"மொட்டை மனுவுக்குங்க."

"மொட்டை மனுவையெல்லாம் நாங்க பதிவே பண்றதில்லீங்களே. பதிவு பண்ணாத மனுவுக்கு மறுப்பு வந்தா எந்த நம்பர்ல சேக்கறது?"

"பதிவு பண்ணலீன்னா விசாரிச்சது எப்படீங்க?"

"அது பொதுவா விசாரிக்கறதுங்க. எல்லாருத்தையும் விசாரிப்பாங்க." சொல்லிவிட்டு என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். நல்ல மனுஷன். "இதுல கையெழுத்து இருக்கறதால இத விசாரிச்சுத்தான் ஆவோணும்."

"யாரைங்க?"

"உங்களத்தான்." சீல் குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். "ஆனா தம்பி, கோப்பு போன வெள்ளிக்கெழமையே ஜட்ஜு ஐயா பார்வைக்குப் போயிருச்சு. ஒரு வாரம் முந்தி வந்திருக்கக்கூடாதுங்களா?"

மேடத்திடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் ஒரு கட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அதப் படி. நீ எழுதுன முழுசையும்."

போனிலிருந்து அழித்திருந்தேன், ஆனால் பையில் கலெக்டர் ஆபீஸ் பிரதி இருந்தது. கொடுத்தேன். இரண்டாவது பாயிண்டில் அவர் உதடு லேசாக அசைந்தது. "வாய்தா நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார். நான்காவதில் நின்றார். ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். கார் நின்றுகொண்டிருந்தது.

"போலீஸ்காரரு வந்தப்ப நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேனுங்க மேடம்."

எழுதினதற்குத் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் காகிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"செல்லாத்தா கேஸு அடுத்த மாசம் பதினாலாந்தேதி. சாட்சி லிஸ்ட்டு எடுத்து வை. அந்தம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க."

பட்டியல் போனது. மேடத்தின் பெயர் அதில் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. மனுதான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. கிரிமினல் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அந்தப் பலனை வாங்கிக்கொள்ளத்தான் கை நீளவில்லை.

நடுவில் ராசப்பன் ஒருநாள் போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க மேல ஒரு மனு வந்திருக்குதுங்க. குடுத்ததும் நீங்கதானாம். வேல வெட்டி ஒண்ணும் இல்லீங்களா?" வந்து விசாரிப்பதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

புதிதாக வந்த அரசு வக்கீல் மோசமானவர் இல்லை. பதினான்காம் தேதி மேடம் டேக்கில் எழுதினார்: "ராமாத்தாளை மீண்டும் அழைக்க மனுப் போட வேண்டும். தாழ்ப்பாள்." கொண்டுபோய்க் கொடுத்தது நான். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மீடியம் சைஸா தம்பி? எனக்கு எக்ஸெல் வேணுமே," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறொரு காலமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "பாக்கலாம், பாக்கலாம். நான் இன்னும் கட்டையே படிக்கலை," என்று டேக்கைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வழக்கு இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது.

வெளியே டூவீலர் நிறுத்தம் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் செல்லாத்தாள் உட்கார்ந்திருந்தார். இரண்டு டீ வாங்கி வைத்திருந்தார், ஒன்று எனக்கு.

"ஏங்கண்ணு, அந்தம்மா அத்தன படிச்சுப்போட்டு எதுக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டே இருக்குது? எந்திரிச்சுப் பேசுனா ஆவாதா?"

"அதுக்கு அவங்க அரசு வக்கீலா இருக்கோணுங்க."

"ஆவப்போறாங்கன்னு நீதானே சொன்னே?"

"பட்டியல்ல பேரு வரலீங்க."

"ஏன் வரல?"

"என்னாலதானுங்க."

செல்லாத்தாள் சிரித்தார். பழகிய இத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீயா? நீ என்ன கவர்மெண்டா கண்ணு?"

பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். ராசப்பன் வந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொன்னேன். அவர் எந்த இடத்திலும் சிரிக்கவில்லை. படிக்கும்போது எனக்கே எங்கே சிரிப்பு வரவேண்டும் என்று தெரியவில்லை.

"அந்தக் காரு ஊட்டு ஓனரோடதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"கேட்டவருகிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாமுங்க."

"அப்பறம்?"

பதில் வரும் என்று அவர் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார், பெரியவர்கள் திட்டுவதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை அது. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நிற்கிறவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அந்த ஊட்டுக் கதவும் எங்கூட்டுக் கதவுமாதிரியே இருந்தா நான் இத்தன அலையமாட்டேன் கண்ணு. எங்கூட்டுக் கதவுக்கு வெளியே தாப்பாளே கெடையாது. எம்பொண்ணு போன ஊட்டுக்கு இருந்துச்சு. நான் ஒரு வாட்டி பாத்திருக்கறேன்." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்தார். "நான் தெனமும் லீவு போட முடியாது. அந்த வக்கீலய்யா சட்டச் சோப்புக்குள்ள போட்டாருல்ல, அத வெளிய எடுத்து அவரு கையில குடு. படிக்கற வரைக்கும் குடு."

டீயைக் கையில் கொடுக்காமல் போய்விட்டார். பெஞ்சிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலை எட்டரைக்குப் புது அரசு வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறேன். அவர் காரைத் திறக்கும்போது "வணக்கம் சார்" என்று ஒரு டேக்கை நீட்டுகிறேன். ஒரே கேள்விதான், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிய எழுத்தில்: கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததா? முதல் நாள் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் "உனக்குக் காலேஜ் இல்லையா?" என்றார். நேற்று ஏழாவது. பார்த்தார், சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் பால் வாங்க வரும்போது என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். யாரோ ஒரு பையன் தினமும் அரசு வக்கீல் வீட்டு வாசலில் கடமை தவறாமல் நிற்கிறான் என்று அவர் எழுதிப் போட்டால், நான் மறுக்கமாட்டேன்.

எட்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மீடியம் தீர்ந்துவிட்டது. இது எக்ஸெல்.